ஆளில்லாத் தீவை ஆள்வது: கிளிப்பர்டனும் பல்மைராவும்

ஒருவர்கூடக் குடியிருக்காத நிலம் யாருக்குச் சொந்தம் என்று முடிவு கட்ட எவ்வளவு சான்று வேண்டும்? பசிபிக் பெருங்கடலின் இரண்டு பவளத்தீவுகளை முன்வைத்து, பதினாறு ஆண்டு இடைவெளியில் இந்தக் கேள்விக்கு இரண்டு தீர்ப்புகள் வந்தன. 1931இல் இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல், நடுவராக இருந்து, கிளிப்பர்டன் பிரான்சுக்கு உரியது என்றார். 1947இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பல்மைரா ஹவாயில் வாழ்ந்த ஃபுல்லார்ட்-லியோ குடும்பத்துக்கு உரியது என்றது. ஆள் வாழாத இடத்தில் உரிமையை நிலைநாட்டச் சிறு செயலே போதும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. முதல் வழக்கில் அந்தக் கொள்கையால் ஓர் அரசு வென்றது. இரண்டாவதில் ஒரு குடும்பம் அரசையே வென்றது. இரு தீவுகளும் இன்று இருக்கும் நிலையைப் பார்க்கும்போது, உரிமைப் பத்திரம் ஒரு தீவைக் காப்பதில்லை என்றே எனக்குப் படுகிறது. அங்கே திரும்பத் திரும்பப் போய்வர யாருக்காவது ஒரு வேலை இருக்க வேண்டும்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். ஆட்சி வேறுபட்டதற்கு நிலமே பாதிக் காரணம்.

மெக்சிகோவின் கரையிலிருந்து தென்மேற்கே சுமார் 1,100 கிலோமீட்டரில் கிளிப்பர்டன் தன்னந்தனியாகக் கிடக்கிறது. கிழக்குப் பசிபிக்கில் வேறு வளையப் பவளத்தீவே கிடையாது. எரிமலை மெல்ல அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் வளையமாக எஞ்சி, நடுவே காயல் தேங்குவதுதான் வளையத் தீவின் இயல்பு. கிளிப்பர்டனில் அந்த எரிமலையின் கடைசித் துண்டும் மிச்சமிருக்கிறது. 29 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை, மற்றபடி தட்டையான தீவில் தொலைவிலிருந்தே கண்ணில் படும். வளையத்தின் சுற்றளவு சுமார் 12 கிலோமீட்டர். நிலப்பரப்பு 2 சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. பல இடங்களில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

இந்த வளையத்தில் திறப்பு எதுவும் இல்லை. 1839இல் பிரிட்டிஷ் கடற்படையின் எட்வர்ட் பெல்ச்சர் வந்தபோது காயலுக்குள் கடல் நுழைய வழிகள் இருந்தன. பின்னர் அலைகளே மணலையும் பவளத் துண்டுகளையும் கொட்டி அவற்றை அடைத்துவிட்டன. அதன்பின் காயலுக்கு வேறொரு வாழ்வு தொடங்கியது. மழை நீர் மேலே தங்கிக் கிட்டத்தட்ட நன்னீராகிவிட்டது. கனமான உப்புநீர் அடியில் தங்கி, காற்றோட்டமின்றி, ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்த நஞ்சாகிவிட்டது. காயலுக்குள் கப்பல் போக வழியில்லை, வெளியே நங்கூரமிட நல்ல இடமும் இல்லை. கரையேற விரும்புகிறவர் பவளப்பாறை விளிம்பில் உடையும் அலையைச் சிறு படகில் கடந்தே ஆக வேண்டும். இந்தத் தீவின் வரலாற்றில் நடந்த பெரும்பாலான துயரங்களும் தோல்விகளும் அந்த அலையில் தொடங்கியவை.

பல்மைரா ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. இது ஒற்றை வளையம் அல்ல. மூன்று காயல்களைச் சுற்றி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சிறு திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. நிலத்தை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 2.5 சதுரக் கிலோமீட்டர். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதனால் மணல் திட்டில் உயர்ந்த மழைக்காடே நிற்கிறது. அந்தக் காட்டின் முதன்மை மரம் பிசோனியா. நம் வீட்டுத் தோட்டங்களில் வெளிர்பச்சை இலையோடு நிற்கும் லச்சக்கொட்டைக் கீரை இதற்கு நெருங்கிய சொந்தம். இங்கே வேலியோரச் செடியாகப் பார்த்தது அங்கே பெருமரமாகி, கடற்பறவைகளுக்குக் கிளைதோறும் கூடு தருகிறது.

சட்டத்துக்கு வருவோம். 1711ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் கிளிப்பர்டனைக் கண்டு, கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து 'பாசியோன் தீவு' என்று பெயரிட்டன. நிலைத்த பெயர் என்னவோ ஜான் கிளிப்பர்டன் என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையருடையது. 1858 நவம்பர் 17 அன்று லெப்டினன்ட் விக்டர் லெ கோவா தெ கெர்வெகன், 'அமிரால்' என்ற வணிகக் கப்பல் கரையிலிருந்து அரை மைல் தள்ளி நின்றபோது, அதன் தளத்திலேயே மூன்றாம் நெப்போலியன் பெயரில் தீவைப் பிரான்சுக்கு உரியதென எழுதி வைத்தார். மாலுமிகள் சிலர் பெரும்பாடுபட்டுப் படகில் கரை தொட்டார்கள். நவம்பர் 20 அன்று மறுபடி முயன்றும் முடியாமல் கப்பல் கிளம்பிவிட்டது. தீவில் ஒரு கொடியோ கல்லோ வைக்கவில்லை. ஹொனலுலு சென்று, அங்கே வெளிவந்த ஓர் ஆங்கிலச் செய்தித்தாளில் அறிவிப்பைப் போட்டதோடு சரி.

மெக்சிகோ 1897இல் போர்ப்படகு அனுப்பித் தன் கொடியை ஏற்றியது. பறவை எச்சம் படிந்த பாஸ்பேட் மண்ணுக்கு அப்போது விலை இருந்தது. பின்னர் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வெட்டியெடுக்கும் உரிமை பெற்றது. கலங்கரை விளக்கம் எழுந்தது. கேப்டன் ரமோன் அர்னோ தலைமையில் ஒரு சிறு காவற்படை மனைவி மக்களோடு குடியேறியது. 1909இல் இரு நாடுகளும் வழக்கை இத்தாலி மன்னரிடம் ஒப்படைக்க இசைந்தன. அதன்பின் அந்தக் காவற்படை தீவில் இருந்ததற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான்: மெக்சிகோ அங்கே இருக்கிறது என்று காட்டுவது.

1914இல் மெக்சிகோ புரட்சியில் கொந்தளித்தபோது அக்கபுல்கோவிலிருந்து உணவு கொண்டுவந்த கப்பல் நின்றுபோனது. தீவில் காய்கறி கிடையாது, தென்னைகள் சிலவே. பறவை முட்டையும் மீனும் தின்று, ஸ்கர்வி நோயில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1915இல் தொலைவில் கப்பல் தெரிந்ததாக நம்பி அர்னோவும் எஞ்சியிருந்த வீரர்களும் சிறுபடகில் துடுப்புப் போட்டுப் போனார்கள், படகு கவிழ்ந்தது. கடைசியாக மிஞ்சிய ஆண், விளக்குக் காவலர் விக்டோரியானோ அல்வாரெஸ். தன்னையே அரசனாக அறிவித்து, பெண்களை அடிமைப்படுத்தி வன்கொடுமை செய்தார். 1917 ஜூலையில் திர்சா ரெண்டோன் என்ற பெண் அவரைக் கொன்றார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஜெர்மானியக் கப்பல்களைத் தேடி வந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'யார்க்டவுன்' கரையோரம் வந்து சேர்ந்தது. நான்கு பெண்களும் ஏழு குழந்தைகளும் உயிரோடு ஏறினார்கள். அவர்களில் அர்னோவின் மனைவி அலிசியா ரோவிராவும் ஒருவர்.

இந்தக் கதையைப் பலர் திகில் கதையாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் பெரும் வேதனையாகத் தெரிவது 1931 தீர்ப்பின் உள்ளடக்கம். முழுக்க ஆளில்லாத நிலத்தில், ஓர் அரசு முதன்முதலாகத் தோன்றி எதிர்ப்பின்றி அதைத் தன் வசம் கொண்ட அந்தக் கணமே கைப்பற்றல் நிறைவடைகிறது என்றார் மன்னர். ஆகவே 1858இலேயே தீவு பிரான்சுடையதாகிவிட்டது. அதன்பின் பிரான்ஸ் எட்டிப் பார்க்காததால் உரிமை போய்விடவில்லை. காவற்படை அங்கே வாழ்ந்ததும் இறந்ததும் தராசில் எடை ஏறவில்லை. 1934இல் மெக்சிகோ தன் அரசியலமைப்பிலிருந்து தீவின் பெயரை நீக்கிவிட்டது.

சட்டத்தின் தர்க்கம் புரிகிறது. கடலில் ஆயிரக்கணக்கான வெற்றுத் திட்டுகள் கிடக்கும்போது, ஒவ்வொன்றிலும் குடியேற வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அர்னோவின் ஆட்களைப் போல இன்னும் பலரை அரசுகள் பணயம் வைத்திருக்கும். ஆனால் உரிமைக்கு இருப்பு தேவையில்லை என்று சொன்ன அதே வாக்கியம், உரிமையோடு எந்தக் கடமையையும் சேர்க்கவில்லை.

பல்மைராவின் கதை தனியார் பட்டாவின் கதை. 1802இல் அங்கே ஒதுங்கிய அமெரிக்கக் கப்பலின் பெயரே தீவுக்கு வந்தது. 1862இல் நான்காம் கமேஹமேஹா மன்னர் காலத்தில் ஹவாய் அரசு அதைத் தன்னோடு இணைத்தது. அதற்காகச் சென்ற பென்ட், வில்கின்சன் என்ற இருவரின் கைவழியே சொத்துரிமை ஒன்று உருவாகி, விற்பனையாகி, வாரிசுகளுக்கு இறங்கி வந்தது. ஹவாய் 1898இல் அமெரிக்காவோடு சேர, பல்மைராவும் சேர்ந்தது. ஹென்றி கூப்பர் என்ற நீதிபதி தீவை வாங்கினார். 1922இல் அவரிடமிருந்து பெரும்பகுதியை ஃபுல்லார்ட்-லியோ தம்பதி வாங்கினார்கள்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி அமெரிக்கக் கடற்படை, தீவு அரசுடையதே என்று வழக்குப் போட்டது. வழக்கு நடந்த காலத்திலேயே காயலுக்குள் ஆழமான கால்வாய் வெட்டி, தோண்டிய பவளத்தைக் கொட்டித் திட்டுகளை இணைத்துச் சாலையும் விமான ஓடுதளமும் போட்டது. காயல்களுக்கு இடையே நீரோட்டம் தடைபட்டு, வண்டல் படிந்தது. கிளிப்பர்டன் ஒரு நூற்றாண்டுப் புறக்கணிப்பில் இழந்ததைவிடப் பல்மைரா சில ஆண்டுப் போர் ஆயத்தத்தில் அதிகம் இழந்தது என்றே சொல்வேன். மனிதர் போனால் போதும், தீவு பிழைக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

1947 தீர்ப்பு 5க்கு 4 என்ற கணக்கில் வந்தது. தொலைவில் கிடக்கும் ஆளற்ற தீவில் நாள்தோறும் உழுது பயிரிட்டதற்குச் சான்று கேட்க முடியாது. பல ஆண்டுகளாகப் பத்திரம் கைமாறியதும், வரி கட்டியதும், அவ்வப்போது பயன்படுத்தியதும் போதும் என்றது பெரும்பான்மை. கெர்வெகனின் காகிதத்துக்குக் கிடைத்த அதே சலுகை ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. 1959இல் ஹவாய் மாநிலமானபோது அதன் எல்லையிலிருந்து பல்மைராவை வெளியே விட்டார்கள். அதனால் இன்று அமெரிக்காவோடு முழுமையாக இணைக்கப்பட்ட, ஆனால் தனக்கென அரசமைப்பு எதுவும் இல்லாத ஒரே ஆட்சிப்பகுதி அதுதான். குடிமகன் ஒருவரும் இல்லாத மண்ணில் அமெரிக்க அரசியலமைப்பு முழுமையாகச் செல்லும்.

அந்தக் குடும்பம் சொத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய நன்மை என்பதை ஜான்ஸ்டன் தீவோடு ஒப்பிட்டால் தெரியும். அதே பெருங்கடலில், முழுக்க ராணுவத்தின் கையில் இருந்த ஜான்ஸ்டனில் 1958இலும் 1962இலும் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. பின்னர் ரசாயன ஆயுதங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். 1970களின் இறுதியில் அணுக்கழிவைக் கொட்டும் இடமாகப் பல்மைராவின் பெயரும் அடிபட்டது. எதிர்த்து நிற்க உரிமையாளர் ஒருவர் இருந்தார். 2000ஆம் ஆண்டு அந்தக் குடும்பம் தீவை 3 கோடி டாலருக்கு 'நேச்சர் கன்சர்வன்சி' என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு விற்றது. 2001இல் அரசு ஒரு பகுதியை வாங்கித் தேசிய வனவிலங்குச் சரணாலயம் ஆக்கியது; 2009இல் சுற்றியுள்ள கடல் 50 கடல்மைல் வரை தேசியக் கடல் நினைவகமானது. தனியார் அமைப்பும் அரசுத் துறையும் பங்குபோட்டுப் பார்க்கும் ஏற்பாடு கேட்கச் சிக்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மையத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுழற்சி முறையில் ஒரு சிறு குழு எப்போதும் அங்கே தங்குகிறது. அவர்கள் வந்திறங்குவது கடற்படை போட்ட அதே ஓடுதளத்தில். படகு நுழைவது கடற்படை வெட்டிய அதே கால்வாயில். போர் செய்த காயம் இல்லாமல் இன்றைய பராமரிப்பும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அருகில் இருப்பது என்ன செய்யும் என்பதற்கு எலிகளே சாட்சி. பல்மைராவில் கருப்பு எலிகள் பறவை முட்டைகளையும் மர விதைகளையும் தின்று தீர்த்தன. 2001ஐ ஒட்டி ஒருமுறை ஒழிக்க முயன்று தோற்றார்கள். தோல்விக்குக் காரணங்கள் அந்தத் தீவுக்கே உரியவை: மருந்து கலந்த இரையை நிலநண்டுகள் எலிக்கு முன்பே தூக்கிச் சென்றுவிட்டன, எலிகளோ தென்னங்குருத்திலேயே குடியிருந்து கீழே இறங்கவில்லை. அந்த மருந்து எலியின் ரத்தத்தை உறையவிடாமல் கொல்வது. நண்டை ஒன்றும் செய்யாது. இவற்றையெல்லாம் கணக்கிட்டு 2011இல் ஹெலிகாப்டரில் இரையைத் தூவினார்கள், தென்னை உச்சிகளிலும் வைத்தார்கள், அலாஸ்காவிலிருந்து வலசை வரும் அரிய கோட்டான் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் காத்தார்கள். எலி ஒழிந்தது. உள்ளூர் மரக்கன்றுகள் பன்மடங்கு முளைத்தன. யாரும் எதிர்பாராத வகையில், எலி ரத்தத்தை நம்பியிருந்த ஆசியப் புலிக்கொசுவும் தீவிலிருந்தே மறைந்துபோனது.

அடுத்து அவர்கள் கைவைத்தது தென்னையில். தென்னையை வெட்டுவது என்றால் நமக்கு மனம் பதறும். ஆனால் பல்மைராவில் கொப்பரைக்காக நடப்பட்டுப் பெருகிய தென்னந்தோப்பில் கடற்பறவைகள் கூடு கட்டுவதில்லை. கூடு இல்லாவிட்டால் எச்சம் இல்லை, எச்சம் இல்லாவிட்டால் மண்ணில் நைட்ரஜன் இல்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தச் சங்கிலியைக் கடல்வரை தொடர்ந்தது: உள்ளூர்க் காடு நிற்கும் கரையோரம் மழைநீரோடு சத்து அதிகம் வடிகிறது, அங்கே நுண்மிதவை உயிர்கள் அதிகம், அவற்றைத் தேடிக் கொம்புத் திருக்கைகளும் அதிகம் வருகின்றன. காட்டில் எந்த மரம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் திருக்கை வருகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கி எண்ணியவர்களுக்கே இந்த உண்மை தெரியவரும்.

கிளிப்பர்டனில் இதே வகைச் சங்கிலி உண்டு. அதை யாரும் தொடர்ந்து இருந்து பார்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்த பன்றிகள் ஆரஞ்சு நிற நிலநண்டுகளையும் பறவை முட்டைகளையும் தின்றன. 1958இல் வந்த பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர், 58 பன்றிகளையும் சுட்டுத் தீர்த்தார். சில நாள் வேலை. அதன் விளைவாக முகமூடிப் பூபி பறவைகள் சுமார் 150இலிருந்து 2003க்குள் ஒரு லட்சத்தைத் தாண்டின. உலகில் அந்தப் பறவை இவ்வளவு பெருந்திரளாகக் கூடும் இடம் வேறில்லை. கூடவே நண்டுகளும் பெருகி, முளைத்த செடியையெல்லாம் கத்தரித்து, தீவை மொட்டையாக்கின. 2000ஐ ஒட்டித் தரைதட்டிய மீன்பிடிக் கப்பல்களிலிருந்து எலிகள் இறங்கின. அவை நண்டைத் தின்ன, கொடிகள் மீண்டும் படர்ந்தன. மூன்று முறை தலைகீழாகிய இந்த மண்ணைப் பற்றி நாம் அறிவதெல்லாம், எப்போதாவது வந்துபோன குழுக்கள் குறித்து வைத்தவையே. ஜான்-லூயி எத்தியென் தலைமையில் 2004 இறுதியிலிருந்து சில மாதங்கள் தங்கிய குழுவின் பணி அவற்றில் மதிப்பு மிக்கது. அணுச்சோதனைக் காலத்தில், 1966 முதல் 1969 வரை, பிரெஞ்சு ராணுவமும் அங்கே ஆள் வைத்திருந்தது. அப்படியானால் வேண்டும் என்று தோன்றியபோது பிரான்சால் அங்கே தங்க முடிந்திருக்கிறது. எலிகளோ இன்னும் இருக்கின்றன.

காகிதத்தில் கிளிப்பர்டனின் நிர்வாகம் தெளிவானது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பிரெஞ்சு அரசின் நேரடி அதிகாரத்தில் இருக்கிறது. கடல்கடந்த பகுதிகளுக்கான அமைச்சர் பொறுப்பாளர். அன்றாட அதிகாரம் தாஹிட்டியில் உள்ள பிரெஞ்சுப் பாலினேசியாவின் உயர் ஆணையரிடம். தாஹிட்டியிலிருந்து தீவு 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தபால்காரர் போகாத அந்த இடத்துக்கு 98799 என்ற அஞ்சல் குறியீட்டு எண்கூட உண்டு. 2016இல் தீவைச் சுற்றிய 12 கடல்மைல் பகுதி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதைக் கண்காணிக்கக் கடற்படைக் கப்பல் அவ்வப்போது வந்து, கொடியைப் புதுப்பித்து, பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூசித் திரும்புகிறது.

இந்தச் சிறு வளையத்தால் பிரான்ஸ் உரிமை கொண்டாடும் கடற்பரப்பு 4 லட்சம் சதுரக் கிலோமீட்டருக்கும் அதிகம். சூரை மீன் நிறைந்த கடல் அது. 2007 ஒப்பந்தப்படி மெக்சிகோ படகுகள் கட்டணமின்றி உரிமம் பெற்று மீன்பிடிக்கலாம். பிடித்த அளவைத் தெரிவித்தால் போதும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவோ, மனிதர் வாழவோ தனக்கெனப் பொருளாதாரம் நடத்தவோ இயலாத பாறைகளுக்குப் பொருளாதார மண்டலம் இல்லை என்கிறது. 1931இல் வெற்றிடமாக இருந்ததே பிரான்சுக்கு உதவியது. இப்போது அதே வெறுமை அதன் கடல் உரிமையைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஃபிலிப் ஃபோலியோ, 2015இல் தீவுக்கே போய்ப் பார்த்து, பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அங்கே அமைக்க வேண்டும் என்று 2016இல் அறிக்கை தந்தார்.

அந்த யோசனையை நான் மனதார ஆதரிக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. கடல் மண்டலத்தை நியாயப்படுத்த நிலையம் என்றால் அது அர்னோவின் காவற்படையின் புதிய வடிவமாகிவிடும். தவிரவும், தென்சீனக் கடல் வழக்கில் 2016இல் வந்த பன்னாட்டுத் தீர்ப்பு, வெளியிலிருந்து ஆளும் உணவும் கொண்டுவந்து நிறுத்துவதை மனித வாழ்வாக ஏற்கவில்லை. பூபிகளுக்காகவும், அடைபட்ட அந்த அபூர்வக் காயலுக்காகவும், கரையொதுங்கும் பிளாஸ்டிக்கை அள்ளவும், எலியை ஒழிக்கவும் நிலையம் வேண்டும். எலியை ஒழித்தால் நண்டு மறுபடி பெருகிக் கொடிகளைத் தின்னும் என்பதை எடைபோட்டு முடிவெடுக்கவும் அங்கே ஆள் வேண்டும். பாரிசில் இருந்துகொண்டு அதைத் தீர்மானிக்க முடியாது.

பல்மைராவின் வழியை அப்படியே கிளிப்பர்டனுக்குக் கொண்டுபோக முடியாது. பல்மைராவில் பணம் தரும் கொடையாளர்கள் இருந்தார்கள், விற்க ஓர் உரிமையாளர் இருந்தார், ஓடுதளம் இருந்தது. கிளிப்பர்டனில் இவை இல்லை; வளையத்தை உடைத்துக் கால்வாய் வெட்டினால் காயலின் இரண்டடுக்கு நீர் கலந்து, அதில் வாழும் அனைத்தும் அழியும். ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது கரையேறும் வழி. அலையைக் கடக்கத் தகுந்த படகுகளும், பறவைகள் முட்டையிடும் இடங்களைத் தவிர்த்துப் பொருள் இறக்க ஒரு சிறு ஹெலிகாப்டரும், மெக்சிகோத் துறைமுகம் ஒன்றிலிருந்து குறித்த இடைவெளியில் புறப்படும் ஒரு கப்பலும் போதும். தாஹிட்டியிலிருந்து வருவதைவிட அது பல மடங்கு கிட்டம். மீன்பிடி உரிமங்களுக்குச் சிறு கட்டணம் வைத்தால், அந்தக் கப்பலின் எரிபொருள் செலவில் ஒரு பங்காவது கிடைக்கும். படகுகளில் மெக்சிகோ ஆய்வாளர்களுக்கும் இடம் தர வேண்டும். அவர்கள் நாட்டவர்தான் அந்த மண்ணில் புதைந்திருக்கிறார்கள்.